துண்டுக்கு அடியில் ஒரு கை

"அத்தான்...!"

கடைவீதியே திடுக்கிடும்படி ஓர் அலறல்!

வளையல்காரி தன் பிடியில் இருந்த வாடிக்கைக்காரியின் கையை அப்படியே விட்டாள். பாதி ஏறியிருந்த சிவப்புக் கண்ணாடி வளையல் 'டக்'கென்று உடைந்து சிதறியது.

எதிர்க்கடையில்...

பச்சைக்கல் முதலாளி உட்கார்ந்த வாக்கிலேயே திண்டில் சாய்ந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. பார்வை இல்லை.

அவருடைய வலது கை ஒரு வெள்ளைத் துண்டுக்கு அடியில் இருந்தது. அந்தத் துண்டுக்கு அடியில் இன்னொரு கையும் இருந்தது.

அது வளையல்காரியின் புருஷன், கல் தரகரின் கை.

அலறியவன் முதலாளியின் மச்சினன். அக்கா புருஷனின் தோளைப் பிடித்து இரண்டு தரம் உலுக்கியவன், மூன்றாவதாகத் தரகரின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

"அத்தானை என்னய்யா பண்ண? துண்டுக்குள்ள என்ன பண்ண?"

தரகர் முகத்தில் ரத்தம் இல்லை.

அந்தக் கடைவீதியில் எதை வாங்கினாலும் சத்தம் போட்டுத்தான் வாங்க வேண்டும். பித்தளைப் பாத்திரக்காரன் தட்டிக் காட்டிக் கத்துவான். ஜவுளிக்காரன் பட்டை உதறிக் கத்துவான். மிளகாய் மூட்டைக்காரன் தும்மிக்கொண்டே கத்துவான்.

கல் வியாபாரம் மட்டும் ஊமை வியாபாரம்.

இருவர் எதிரெதிரே உட்காருவார்கள். கைகளின்மேல் ஒரு துண்டு விழும். பேச்சு விரலோடு முடிந்துவிடும். முழு விரலைப் பிடித்தால் லட்சம், நடுக்கணுவைப் பிடித்தால் ஆயிரம். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று எவனுக்கும் தெரியாது. துண்டுக்குள் பேசியதை வெளியே சொன்னவன் மறுநாள் அந்த வீதியில் கடை விரிக்க முடியாது.

நூறு பேர் நடுவில், பட்டப்பகலில் ஒரு கொலை நடந்திருக்கிறது. ஒருவர்கூடப் பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதை இல்லை என்று அத்தனை பேரும் வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள்.

வளையல்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். யாரோ துண்டை இழுத்தார்கள். முதலாளியின் கை வெளிச்சத்துக்கு வந்தது.

பெருவிரலுக்குக் கொஞ்சம் மேலே, புறங்கையில் ஒரு சின்னக் காயம். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

அவள் உற்றுப் பார்த்தாள்.

*

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் அவசரக்காரர்.

மத்தியானமே டாக்டரிடமிருந்து போன் வந்துவிட்டது. விஷம். கையில் ஊசி போட்ட மாதிரி ஒரு காயம். ரத்தத்தில் கலந்தால் அரை மணி நேரத்துக்குள் ஆளை முடித்துவிடும். கடை திறந்தது பத்து மணிக்கு. செத்தது பத்தரைக்கு. அந்த அரை மணியில் முதலாளியோடு துண்டு போட்டது ஒரே ஒரு ஆள்.

"கணக்கு சரியா இருக்குல்ல?" என்று தரகரைக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

தரகர் தலை குனிந்து நின்றார்.

"துண்டுக்குள்ள என்ன பேசினீங்க?"

"அதைச் சொல்ல முடியாது சார்."

"கொலைக் கேஸுய்யா இது."

"தெரியும் சார். ஆனா செத்தவர் பேரு கெடும். என் வாயால அது வராது."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். இதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஏட்டிடம் சொன்னார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த ஏற்பாடு ஆயிற்று.

வளையல்காரி ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி இரண்டு. லாக்கப் கம்பிக்குப் பின்னால் புருஷனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கோபம்தான் முந்திக்கொண்டது.

"ஏங்க, உங்க கௌரவத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. என்ன பேசினீங்கன்னு சொல்லித் தொலைங்களேன்."

"முப்பது வருஷமா ஒரு வார்த்தை வெளிய சொன்னதில்ல. இன்னிக்கு சொல்லிட்டா நான் யாரு?"

"உயிரோட இருக்கிற மனுஷன். எனக்கு அது போதும்."

அவர் சிரிக்க முயன்றார். வரவில்லை.

வளையல்காரி கம்பிக்குள் வலது கையை நீட்டினாள். அந்தக் கையின்மேல் தன் முந்தானையை இழுத்துப் போட்டாள்.

"வாயால சொல்ல வேணாம்" என்றாள் மெதுவாக.

தரகரின் கை முந்தானைக்கு அடியில் வந்து அவள் விரல்களைத் தேடியது.

பெருவிரலைத் தொடவில்லை. ஆள்காட்டி விரலைத் தாண்டியது. நடுவிரல், மோதிர விரல்... கடைசியில் சுண்டுவிரல். அதிலும் நகத்தை மட்டும் ஒரு அமுக்கு.

அவ்வளவுதான். கை விலகிக்கொண்டது.

கல் தரகன் பெண்டாட்டிக்கு அந்தக் குறி தெரியாதா என்ன! சுண்டுவிரல் நகம் என்றால் 'சல்லிக்காசு பெறாது' என்று அர்த்தம். பச்சைக்கல் முதலாளியின் கடையில் அந்தக் குறியை இதுவரை யாரும் காட்டியதில்லை.

இவர் திருப்பிக் காட்டியது, துண்டுக்குள் முதலாளியே காட்டியதை. அதுவும் தான் விற்க வைத்த கல்லைப் பற்றி!

வாசலில் காவலுக்கு நின்ற ஏட்டு தொண்டையைக் கனைத்தார். "இந்த வயசுல என்னம்மா கையப் புடிச்சுக்கிட்டு..."

அவள் காதில் அது விழவில்லை. நேராக இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போனாள். அங்கே ஒரு காகித மடிப்பில் அந்தப் பச்சைக்கல் இருந்தது. புளியங்கொட்டை அளவு, கண்ணைப் பறிக்கும் பச்சை. ஒரே ஒரு நிமிஷம் கையில் தரும்படி கெஞ்சினாள். இன்ஸ்பெக்டர் முடியாது என்றார். மறுபடியும் கெஞ்சினாள். அவர் பார்வையிலேயே இருக்கட்டும் என்றாள்.

வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பத்து எண்ணுவதற்குள் அது சூடாகிவிட்டது.

கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்ஸ்பெக்டரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"போம்மா. போய் உன் கடையைப் பாரு" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படி இறங்கினாள். மணி இரண்டரை. இன்னும் இரண்டரை மணி நேரம்தான் இருந்தது.

*

கடைவீதி செத்துக் கிடந்தது. கல் கடைகள் எல்லாம் பாதிக் கதவு சாத்தியிருந்தன. பித்தளைக்காரன் தட்டாமல் உட்கார்ந்திருந்தான். பச்சைக்கல் கடையின் படியில் மச்சினன், சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே, வளையல்காரி போவதைக் கண் எடுக்காமல் பார்த்தான்.

அந்தப் பார்வை அவள் முதுகில் ஊர்ந்தது.

வீதியின் மூலையில் அத்தர்க்கடை. அங்கே மட்டும் எப்போதும்போல வாசனை இருந்தது. தட்டு தட்டாகச் சீசாக்கள், மஞ்சள், சிவப்பு, பச்சை எண்ணெய்கள். வாசனைக்கான எண்ணெயும் அவர் கடையில்தான், கல் ஊறப்போடும் எண்ணெயும் அவர் கடையில்தான். தினமும் காலையில் கடைவீதி திறந்ததும் அத்தர்க்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று வருவார். கண்ணாடிக் குச்சியைச் சீசாவில் முக்கி, ஒவ்வொரு கடைக்காரரின் புறங்கையிலும் ஒரு கோடு. காசு வாங்கமாட்டார். வீதியில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் அவருக்குத் தங்கச்சிகள்.

"அழாத தங்கச்சி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காரு. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

"அஞ்சு மணிக்குக் கொண்டுபோறாங்கண்ணே. அந்த மனுஷன் வாயத் திறக்க மாட்டேங்குறார்."

"எல்லாம் அந்த மச்சினன் பண்ணின வேலையா இருக்கும். கடை இப்போ யாருக்குப் போகுது? யோசிச்சுப் பாரு."

வளையல்காரி யோசித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அது ஊசிக் காயம் இல்ல."

சீசாவைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன சொல்ற?"

"ஊசி குத்தினா புள்ளி விழும். அது கோடு. மயிரிழை மாதிரி கோடு. தினம் பத்து வளையல் உடையுது, என் கையில விழாத கீறலா? அது கண்ணாடி கீறினதுண்ணே. சத்தியமா சொல்றேன், கண்ணாடி."

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போயிற்று.

"போலீஸ்ல சொன்னியா?"

"எப்படிண்ணே சொல்றது? கண்ணாடின்னு சொன்னா வளையல் கடைக்காரியைத்தானே முதல்ல பிடிப்பான்? புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து பண்ணிட்டாங்கன்னு எழுதிடுவான்."

அத்தர்க்காரர் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

"புத்திசாலி" என்றார். "யார்கிட்டயும் மூச்சு விடாத. நாலு மணிக்கு உன் கடைக்கு வரேன். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் இருக்கார், சேர்ந்து போய்ப் பார்ப்போம். அதுவரைக்கும் கடையை விட்டு நகராத."

"நீங்க இல்லன்னா எனக்கு யாருண்ணே இருக்கா" என்று அவள் அழுதுகொண்டே எழுந்து போனாள்.

அவள் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். பிறகு மேல்தட்டிலிருந்து, வாய் அகன்ற ஒரு பச்சைச் சீசாவை எடுத்தார்.

*

மணி நாலு.

வளையல் கடையில் ஒரே ஒரு வாடிக்கைக்காரி. உடம்பு கனத்த அம்மாள். அரை மணியாக ஒவ்வொரு டஜனாகப் போட்டுப் பார்த்து, எதுவும் சேரவில்லை என்று முனகிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்குமேல் ஒரு பழைய போர்டு தொங்கியது.

'கையில் ஏறிய வளையல் திரும்ப எடுத்துக்கொள்ளப்படாது.'

அத்தர்க்காரர் உள்ளே வந்தார். தோளில் வாசனை. கையில் சின்னத் தட்டு. தட்டில் அந்தப் பச்சைச் சீசா. அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குச்சி.

"மூஞ்சியைப் பாரு, பேயறைஞ்ச மாதிரி" என்றார் பாசமாக. "வக்கீல் வீட்டுக்கு இப்படியா போவாங்க? கையை நீட்டு. ஒரு சொட்டு போட்டா மனசு தெளிஞ்சிடும்."

வளையல்காரி கையை நீட்டினாள்.

அவர் இடது கையால் அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். குச்சியைச் சீசாவில் முக்கினார். எடுத்தார். எண்ணெய் சொட்டியது.

குச்சி அவள் புறங்கையை நோக்கி இறங்கியது...

ஒரு சாண்...

நாலு விரற்கடை...

"அண்ணே."

"என்னம்மா?"

"இது முதலாளி சீசா இல்ல? அவருக்கு மட்டும் தனியா வச்சிருப்பீங்களே."

"ஆமா. உசத்தியான சரக்கு. அவரே போய்ட்டார், இனி யாருக்கு? உனக்குன்னுதான் கொண்டாந்தேன்."

"அப்போ முதல்ல உங்க கையில ஒரு கோடு இழுங்க. வாசனையைப் பார்ப்போம்."

அத்தர்க்காரர் சிரித்தார். உதடு மட்டும்தான் சிரித்தது. "தங்கச்சிக்கு அப்புறம்தான் அண்ணன்."

"இல்லண்ணே. முதல்ல அண்ணன்."

அவர் பிடி சட்டென்று இறுகியது. குச்சி வேகமாக இறங்கியது.

அதைவிட வேகமாக அவளுடைய இன்னொரு கை எழுந்தது!

இருபது வருஷமாக, சின்ன வளையலைப் பெரிய கையில் ஏற்றுவதுதான் அவள் பிழைப்பு. பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, நான்கு விரல் முட்டிகளையும் சேர்த்து ஒரு பிடி. அந்தப் பிடியில் சிக்கிய கை, விடும்வரை அதன் சொந்தக்காரருடையது இல்லை. ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அந்தப் பிடியைத் தெரியும்.

அத்தர்க்காரருக்கு அன்றுதான் தெரிந்தது.

குச்சி அவர் விரல்களுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அவள் மணிக்கட்டைத் திருப்பினாள். குச்சியின் நுனி, அவருடைய இன்னொரு கையின்மேல் போய் நின்றது. தோலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி.

"அத்தர்க் குச்சியோட நுனியை நெருப்புல காட்டி மழுக்கியிருப்பாங்க" என்றாள் அமைதியாக. "இது உடைஞ்சு கூரா இருக்கு. கண்ணாடி பார்த்தே வயசானவண்ணே நான். இழுக்கட்டுமா ஒரு கோடு?"

"விடு..."

"வாசனைதானே? இழுக்குறேன்."

"வேணாம்! வேணாம் தங்கச்சி! கீறிடும்... விஷம்! அதுல விஷம் இருக்கு!"

அந்தக் குரல் வீதியின் மறுமுனைவரை கேட்டது. பாதிக் கதவு சாத்தியிருந்த கடைகள் முழுதாகத் திறந்தன.

உடம்பு கனத்த அம்மாள் கையிலிருந்த டஜன் வளையலை மெதுவாகக் கீழே வைத்தாள். இடுப்பிலிருந்து விசிலை எடுத்தாள். சாதா உடையில் வந்த பெண் ஏட்டு! வளையல் பெட்டிகளை அடுக்கியிருந்த திரைக்குப் பின்னாலிருந்து, தலைமுடியில் ஜிகினா ஒட்டிக்கொண்டிருக்க, இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார்.

"நல்லா கேட்டுச்சு" என்றார். "இன்னொரு தரம் சொல்லணும்னு அவசியமில்ல."

அத்தர்க்காரரின் முகம் சாம்பலாயிற்று. "நீ... போலீஸ்ல சொல்லலன்னு சொன்னியே..."

"ரெண்டரை மணிக்கே சொல்லிட்டேன். உங்ககிட்டதான் பொய் சொன்னேன். ஏன்னா, கண்ணாடின்னு எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, குச்சியைத் தூக்கிட்டு வரப்போறது ஒரே ஒரு ஆள்தான்."

பெண் ஏட்டு குச்சியை இடுக்கியால் எடுத்து உறையில் போட்டாள். வளையல்காரி அப்போதுதான் பிடியை விட்டாள்.

"உனக்கு எப்படிம்மா தோணிச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர். "ஸ்டேஷன்ல அவசரத்துல பாதிதான் சொன்ன."

"என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லல சார்" என்றாள் முதலில். அது முக்கியம் என்பதுபோல. "மேஜைமேல இருந்த கல்லைக் கன்னத்துல வச்சேன். நிஜக் கல்லு லேசுல சூடாகாது. அது உடனே சூடாயிடுச்சு. கண்ணாடி. கல்லும் கண்ணாடி, காயமும் கண்ணாடி. பச்சைக்கல்லுல இருக்கிற விரிசல் தெரியாம இருக்க, எண்ணெயில ஊறப்போடுவாங்க. ஊறப்போட்டது யாரு? காலையில கல்லைக் காகிதத்துல மடிச்சுக் கொண்டாந்து குடுத்தது யாரு? குடுத்த கையோட முதலாளி கையில அத்தர் போட்டது யாரு? என் கடையிலேர்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். தினம் பார்க்கிறதுதானே, கண்ணுல படல."

கதை புரிந்துவிட்டது. நிஜக் கல்லை எடுத்துக்கொண்டு, கண்ணாடியை மடித்துக் கொடுத்தாயிற்று. முதலாளி தொட்டால் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அவர் தினமும் பத்தரை மணிக்கு மேல்தான் காகிதத்தைப் பிரிப்பார். அதற்குள் ஆள் முடிந்துவிடுவார் என்பது அத்தர்க்காரரின் திட்டம். அன்றைக்குப் பார்த்து தரகர் சீக்கிரமே வந்துவிட்டார். காகிதம் பிரிந்தது. முதலாளி கல்லைத் தொட்டார், ஏமாற்றம் புரிந்தது, சுண்டுவிரல் நகத்தை ஒருமுறை அமுக்கினார். அதற்குமேல் அந்த விரல்களுக்குப் பலம் இல்லை.

"நிஜக் கல் எங்க?" என்று உறுமினார் இன்ஸ்பெக்டர்.

அத்தர்க்காரரின் கண்கள் பதில் சொல்லிவிட்டன. ஒரே ஒரு கணம் தட்டின் பக்கம் போய்த் திரும்பின.

பெண் ஏட்டு கையுறை போட்டுக்கொண்டு பச்சைச் சீசாவைத் தட்டில் கவிழ்த்தாள். பச்சை எண்ணெய் மெல்ல வழிந்தது. வழிந்து முடியும் நேரத்தில்...

'டங்.'

புளியங்கொட்டை அளவு. பச்சை எண்ணெயில் பச்சைக்கல்! தினமும் தட்டில் வீதி முழுக்கச் சுற்றி வந்த சீசா. ஒருவரும் உள்ளே பார்க்கவில்லை.

வாசலில் நின்ற மச்சினன் சாவி சுற்றுவதை நிறுத்தினான். "அத்தானோட கல்லு..." என்றவன் அப்படியே படியில் உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி விசும்பி விசும்பி அழுதான். இத்தனை நேரம் அவனைச் சந்தேகப்பட்டவர்கள் எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுத் தரகரை விடச் சொன்னார். மறுமுனையில் தரகர், போனை வாங்கிக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: துண்டுக்குள் பேசியது வெளியே போய்விட்டதா?

"உங்க வாயால போகலங்க" என்றாள் வளையல்காரி போனை வாங்கி. "வந்து சேருங்க. மத்ததை வீட்டுல வச்சுப் பேசிக்கலாம். வாயால." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அப்போதுதான் அழுதாள். நிஜ அழுகை.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். 'க்ளிக்'. 'க்ளிக்'.

அத்தர்க்காரர் இரண்டு கைகளையும் நீட்டினார். வாசனை இன்னும் போகவில்லை.

"தங்கச்சி... ஒரு வார்த்தை சொல்லும்மா. தெரியாம பண்ணிட்டேன். இதைக் கழட்டச் சொல்லும்மா..."

வளையல்காரி மூக்கை உறிஞ்சினாள். கண்ணைத் துடைத்தாள். தலைக்குமேல் தொங்கிய போர்டைக் காட்டினாள்.

"கையில ஏறினது திரும்ப எடுக்கிறதில்லண்ணே. படிச்சுப் பாருங்க!"